நேர்முகத் தேர்வுக்கு இரவல் விடை எதற்கு?

கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியாகிவிட்டால் தேர்வு எளிதாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால், கேள்விகள் அனைத்தும் முன்பே தெரிந்திருந்தும் பலர் தோற்றுப்போகும் தேர்வு ஒன்று உண்டு. அதுதான் வேலைக்கான நேர்முகத் தேர்வு. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்', 'இந்த வேலைக்கு ஏன் விண்ணப்பித்தீர்கள்?', 'உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன?', 'ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு என்னவாக இருக்க விரும்புகிறீர்கள்?', 'நீங்கள் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றைச் சொல்லுங்கள்'. வங்கியானாலும், தொழிற்சாலையானாலும், தனியார் பள்ளியானாலும் கேள்விகள் பெரும்பாலும் இவையே.

இவற்றுக்கு ஆயத்தமாவது சிறிய விஷயம்போலத் தோன்றலாம். குறிஞ்சிப்பாடி போன்ற ஊர்களில் அது சிறிய விஷயமல்ல. ஒருபுறம் நெய்வேலி நிலக்கரி நிறுவனம், மறுபுறம் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை, சற்றுத் தொலைவில் புதுச்சேரி, அதற்கப்பால் சென்னை என்று வேலைக்கான திசைகள் பல உண்டு. சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், சுற்றுவட்டாரக் கல்லூரிகளும் ஆண்டுதோறும் பட்டதாரிகளை உருவாக்கி வருகின்றன. அவர்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். மூன்று நான்கு ஆண்டுப் படிப்பும், அதற்காக வீடு பட்ட கடனும், ஒரு மேசையின் முன் கழியும் பதினைந்து நிமிடங்களில் எடைபோடப்படுகின்றன.

பணி ஓய்வுக்கு முன்னர் சில தேர்வுக் குழுக்களில் உறுப்பினராக அமர்ந்திருக்கிறேன். இப்போது குறிஞ்சிப்பாடியிலும் வடலூரிலும் வேலை தேடும் இளைஞர்களுடன் மாதிரி நேர்முகத் தேர்வு நடத்திப் பார்க்கிறேன். மேசையின் இரு பக்கங்களிலும் இருந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகிறது: தோற்பவர்களில் பலர் ஆயத்தமின்மையால் தோற்பதில்லை, பிறர் எழுதிய விடைகளை மனப்பாடம் செய்த ஆயத்தத்தால் தோற்கிறார்கள்.

"நான் கடின உழைப்பாளி, குழுவுடன் இணைந்து செயல்படுவேன், எடுத்த வேலையை முழுமையாக முடிக்கும்வரை ஓயமாட்டேன் என்பதுதான் என் பலவீனம்." இந்த விடை வழிகாட்டி நூல்களிலும் யூடியூப் காணொலிகளிலும் கிடைக்கிறது. முதலில் வருபவர் இதைச் சொல்லும்போது குழு கேட்டுக்கொள்ளும். ஏழாவதாக வருபவரும் அதையே சொல்லும்போது, குழுவில் இருப்பவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டு மதிப்பெண் தாளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இரக்கமுள்ள உறுப்பினர் ஒருவர், "கடினமாக உழைத்த ஏதேனும் ஒரு நாளைச் சொல்லுங்களேன்" என்று கேட்பார். மனப்பாடம் அந்த இடத்தில் அறுந்துபோகும்.

இங்கே ஒரு பழைய நிகழ்வை நினைவுகூரலாம். கண்டுபிடிப்பாளர் தாமஸ் எடிசன், தம் நிறுவனத்தில் சேர வருவோரைச் சோதிக்க நூற்றுக்கும் மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகளைத் தொகுத்து வைத்திருந்தார். 1921-இல் அந்தக் கேள்விகள் அமெரிக்கச் செய்தித்தாளில் வெளிவந்துவிட்டன. தகவலைச் சோதிக்கும் கேள்வி, வெளியானதும் பயனற்றுப்போகும். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்னும் கேள்வியோ, உலகம் முழுவதும் தெரிந்த பின்னரும் பயனிழக்கவில்லை. காரணம் எளிது. அதற்குச் சரியான விடை ஒன்று எங்கும் இல்லை. விண்ணப்பித்தவரிடம் மட்டுமே இருக்கிறது. அதை அவர் தேடி எடுத்து வந்திருக்கிறாரா என்பதே சோதனை.

ஆகவே, ஆயத்தத்தின் முதல் படி விடையை எழுதுவதன்று. கேள்விக்குள் மறைந்திருக்கும் இன்னொரு கேள்வியைக் கண்டுகொள்வது. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதன் பொருள், 'இந்த வேலைக்கும் உங்களுக்கும் என்ன பொருத்தம்?' என்பதாகும். பெயர், ஊர், தந்தை பெயர், மதிப்பெண் ஆகியவை விண்ணப்பத்திலேயே இருக்கின்றன. இப்போது என்ன செய்கிறேன், எந்த அனுபவம் என்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது, இந்த வேலையில் அது எப்படிப் பயன்படும் என்னும் மூன்றையும் ஒன்றரை நிமிடத்தில் சொன்னால் போதும்.

'ஏன் எங்கள் நிறுவனம்?' என்பதற்குள் இருக்கும் கேள்வி, 'எங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரமாவது செலவிட்டீர்களா?' என்பது. நிறுவனம் எதைத் தயாரிக்கிறது, யாருக்கு விற்கிறது, கேட்கும் பணியில் அன்றாடம் என்ன வேலை என்பன தெரியாமல், 'புகழ்பெற்ற நிறுவனம்' என்று மட்டும் சொல்வது வீட்டு விலாசம் தெரியாமல் விருந்துக்குக் கிளம்புவதைப் போன்றது. 'ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்னும் கேள்வி சோதிடம் கேட்பதன்று. பயிற்சி கொடுத்த ஆறாம் மாதமே போய்விடுவீர்களா என்பதுதான் அவர்களின் கவலை. 'இந்த வேலையில் இன்னதைக் கற்றுக்கொண்டு, இன்ன பொறுப்பை ஏற்கும் நிலைக்கு வர விரும்புகிறேன்' என்று சொன்னால் அந்தக் கவலை தணியும்.

அடுத்த படி, நம் வாழ்க்கையிலிருந்து நிகழ்வுகளைத் திரட்டுவது. பணியாளர் தேர்வு குறித்த ஆய்வுகள் இதன் தேவையை உணர்த்துகின்றன. அமெரிக்க உளவியலாளர் பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஒரே மாதிரியான கேள்விகளை எல்லோரிடமும் கேட்டு, வரையறுத்த அளவுகோலால் மதிப்பிடும் நேர்முகத் தேர்வுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42 எனக் கண்டனர். மனம்போன போக்கில் நடத்தும் உரையாடலுக்கு அது 0.19 மட்டுமே. முறைப்படி நடத்தப்படும் தேர்வுகளில் 'நீங்கள் எப்படிப்பட்டவர்?' என்று கேட்பதைவிட, 'இப்படி ஒரு நிலையில் என்ன செய்தீர்கள்?' என்று கேட்கும் வழக்கம் பெருகியிருப்பதும் இதனால்தான்.

இத்தகைய கேள்விக்கு விடையளிக்க உலகெங்கும் பயன்படும் முறை ஒன்று உண்டு. சூழல் என்ன, அதில் என் பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, விளைந்தது என்ன என்னும் நான்கு படிகளில் நிகழ்வைச் சொல்வது. பெரும்பாலோர் முதல் படியிலேயே நேரம் முழுவதையும் கழித்துவிடுகிறார்கள். 'நாங்கள் செய்தோம்' என்றே சொல்லி, தாம் செய்தது இன்னதென்று சொல்லாமல் விடுபவர்களும் உண்டு. விடையின் பாதி நேரம் மூன்றாம் படிக்கு உரியது.

இந்த இடத்தில்தான் நம் ஊர் இளைஞர்கள், "எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை ஐயா. நான் எங்கும் வேலை செய்ததில்லை" என்கிறார்கள். அது உண்மையன்று. குறிஞ்சிப்பாடி கைத்தறி நெசவுக்கும் கைலிக்கும் பெயர்பெற்ற ஊர். வணிகவியல் படித்த மாணவி ஒருவர் மாதிரித் தேர்வுக்கு வந்தபோது, ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த விடைகளைத் தடையின்றி ஒப்பித்தார். வீட்டில் என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டேன். நெடுநேரம் தயங்கிவிட்டு, தார் சுற்றிக் கொடுப்பதாகவும், நூல் கணக்கைத் தானே பார்ப்பதாகவும் சொன்னார். நெய்யக் கொடுத்த நூலின் எடைக்கும், நெய்து கொடுத்த துணியின் எடைக்கும் கணக்கு ஒத்துவராமல் கூலியில் பிடித்தம் செய்யப்பட்டு வந்ததாம். இவர் ஒரு நோட்டுப் போட்டு, நூல் வாங்கும் நாளிலேயே எடைபோட்டு, தேதியுடன் எழுதி, கொடுத்தவரிடம் கையொப்பமும் பெறத் தொடங்கியிருக்கிறார். அதன்பின் பிடித்தம் நின்றுவிட்டது.

பண்டகசாலைக் கணக்கு உதவியாளர் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான விடை எந்த நூலில் கிடைக்கும்? சூழல், பொறுப்பு, செயல், விளைவு ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. பின்னர் நடந்த உண்மையான நேர்முகத் தேர்வில் அந்த நோட்டைப் பற்றியே குழுவினர் அடுக்கடுக்காகக் கேட்டார்கள் என்று அவர் சொன்னார். எத்தனை குறுக்குக் கேள்வி வந்தாலும் அவர் தடுமாற வேண்டியிருக்கவில்லை. நடந்ததைச் சொல்பவருக்கு மனப்பாடம் தேவையில்லை.

அந்த மாணவியின் தயக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. குடும்பத் தொழிலைச் சொன்னால் சாதி தெரிந்துவிடுமோ, ஏழை வீட்டுப் பிள்ளை என்று இளக்காரமாகப் பார்ப்பார்களோ என்ற அச்சம் அதற்குள் இருக்கிறது. அச்சம் காரணமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் நான் சொல்வது இதுதான்: குழுவுக்குத் தெரியவேண்டியது உங்கள் குடும்பத்தின் தொழிலன்று, நீங்கள் செய்த வேலை. எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவுசெய்யும் உரிமை உங்களுடையது. சொல்வது உண்மையாக இருந்தால் போதும்.

இப்படித் தேடினால் எல்லோரிடமும் நிகழ்வுகள் உண்டு. வடலூரில் தைப்பூச நாளில் சோதி தரிசனத்துக்குத் திரளும் கூட்டத்துக்கு உணவு வழங்கும் தொண்டில் நின்றவருக்கு, வரிசை குலைந்தபோது என்ன செய்தார் என்பது ஒரு விடை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியபோது நிவாரணப் பொருள்களைப் பிரித்துக் கொடுத்தவருக்கு அது ஒரு விடை. கடையில் பகுதிநேர வேலை, தெருப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி, முந்திரித் தோப்பில் ஆள்கூலிக் கணக்கு, கல்லூரி விழா வரவு செலவு எல்லாமே விடைகள்தாம். ஒரு தாளில் இத்தகைய ஆறு நிகழ்வுகளைக் குறித்துக்கொண்டால், கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அவற்றில் ஒன்று பொருந்தும். குறிப்புகளாக எழுதுங்கள், வாக்கியங்களாக எழுதாதீர்கள். வாக்கியமாக எழுதினால் மனம் மீண்டும் மனப்பாடத்துக்கே போகும்.

சங்கடமான கேள்விகளுக்கும் இதே நெறிதான். பலவீனத்தைக் கேட்டால், பலத்தையே பலவீனம்போல வேடமிட்டுக் காட்ட வேண்டாம். உண்மையான ஒரு குறையையும், அதைச் சரிசெய்ய இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'பலர் முன் பேசத் தயங்குவேன். அதற்காக வாரம் ஒருமுறை பாடம் எடுத்துப் பழகுகிறேன்' என்பது போதும். படிப்பில் பாக்கி விழுந்திருந்தாலோ, இரண்டு ஆண்டுகள் வேலையின்றி இருந்திருந்தாலோ அதை மறைக்க முயல்வது வீண், சான்றிதழ் சொல்லிவிடும். காரணத்தை ஒரு வாக்கியத்திலும், அந்தக் காலத்தில் செய்ததை இரண்டு வாக்கியங்களிலும் சொல்லி நிறுத்துங்கள். போட்டித் தேர்வுக்குப் படித்தேன் என்பதும், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொண்டேன் என்பதும் மதிப்பான விடைகளே. ஊதிய எதிர்பார்ப்பைக் கேட்பார்கள் என்பது தெரிந்ததே. அந்த ஊரில் அந்த வேலைக்கு என்ன ஊதியம், அறை வாடகையும் சாப்பாடும் எவ்வளவாகும் என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

பெண்களிடம் 'திருமணம் எப்போது?', 'குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடுவீர்களா?' என்று இன்றும் கேட்கிறார்கள். வேலைக்கு எடுப்பதிலேயே பாலினப் பாகுபாடு கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் கூறியது. 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையே கூறுகிறது. ஆனால், வேலை வேண்டி நிற்பவர் சட்டம் பேசுவது எளிதன்று. 'இந்த வேலையின் பொறுப்புகளை என்னால் முழுமையாகச் செய்ய முடியும். அதற்கேற்ப என் குடும்பச் சூழலை அமைத்துக்கொள்வேன்' என்று பேச்சை வேலைக்குத் திருப்புவது கண்ணியமான வழி.

ஆங்கிலம் குறித்த அச்சம் தனியே பேசத் தக்கது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில், முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் ஆளுமைத் தேர்வையும் தமிழில் எதிர்கொள்ளலாம். நாட்டின் மிக உயர்ந்த பணிகளுக்கே தமிழில் விடையளிக்க முடியும் என்பதை நம் இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டும். தனியார் நிறுவனங்களில் நிலைமை வேறு. அங்கே ஆங்கிலம் தேவைப்படும் வேலைக்கு ஆங்கிலம் கற்றாக வேண்டும். ஆனால், தமிழில் யோசித்துத் தெளிவுபடுத்திக்கொண்ட நிகழ்வைச் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களில் சொல்வது, பிறர் எழுதிய அலங்கார ஆங்கிலத்தை ஒப்பிப்பதைவிட எளிது, நம்பகமானதும்கூட. கேள்வி புரியாவிட்டால் மீண்டும் கேட்பதில் இழுக்கில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் அப்படியே.

இறுதியில், 'எங்களிடம் கேட்க ஏதேனும் உண்டா?' என்பார்கள். 'இல்லை' என்று எழுந்துவிடாதீர்கள். முதல் ஆறு மாதங்களில் என்ன வேலை, யார் பயிற்சி தருவார்கள் என்று கேட்கலாம். வேலை உங்களைத் தேர்ந்தெடுப்பதுபோல நீங்களும் வேலையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

விண்ணப்பிப்பவருக்கு மட்டுமே அறிவுரை சொல்லி முடிப்பது நியாயமாகாது. திருக்குறளின் பொருட்பாலில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று பேசுபவருக்கு அதிகாரங்கள் உண்டு. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று ஆளைத் தேர்ந்தெடுப்பவருக்கும் அதிகாரங்கள் உண்டு. நாம் முன்னதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை தொடர்பான அஜய் ஹாசியா வழக்கு 1980-இல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண். நேர்முகத் தேர்வுக்கு 50. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடங்களே பேசியதாகவும், பெற்றோர், ஊர் பற்றியே கேட்டதாகவும் புகார் எழுந்தது. மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்றும், 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் நீதிமன்றம் கூறியது. உரையாடலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் கருத்துரைத்தது. இன்று குடிமைப் பணித் தேர்வில் 2,025 மதிப்பெண்ணில் 275-ம், தமிழகத்தின் குரூப் 1 தேர்வில் 850-இல் 100-ம் மட்டுமே நேர்முகத் தேர்வுக்கு உரியவை. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வே வேண்டாம் என்ற முடிவு 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

தனியார் துறையில் இத்தகைய கட்டுப்பாடு ஏதுமில்லை. ஆனால், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பதற்கும், வேலைக்குத் தொடர்பில்லாததைக் கேட்காமல் இருப்பதற்கும், மதிப்பெண்ணுக்குக் காரணம் எழுதிவைப்பதற்கும் நிறுவனங்களுக்குச் செலவு எதுவும் இல்லை. ஆய்வுகள் சொல்வதுபோல, அதனால் அவர்களுக்கும் நல்ல பணியாளர்களே கிடைப்பார்கள்.

நம் ஊர் அளவிலும் செய்யக்கூடியது உண்டு. சென்னையில் பணம் கொடுத்தால் மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. இங்கே, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தருகின்றன. 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரிகளில் திறன் பயிற்சி அளிக்கிறது. இவற்றோடு, முன்பின் தெரியாத மூன்று பேர் முன் அமர்ந்து பேசிப் பழகும் வாய்ப்பும் கிடைக்க வேண்டும். நெய்வேலியில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள், வங்கி அலுவலர்கள், ஆசிரியர்கள் இந்தப் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவர் மேசை போட்டு அமர்ந்தால் அது நடந்துவிடும். முன்பின் அறியாதவர்கள் முன் ஒருமுறை தடுமாறிப் பழகியவர், உண்மையான தேர்வில் அவ்வளவாகத் தடுமாறமாட்டார்.

வேலை கிடைக்காமல் போவதற்கு நூறு காரணங்கள் உண்டு. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். நல்ல விடை சொன்ன எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், தன்னிடம் சொல்லத் தக்கது எதுவுமில்லை என்று நம்பி, எங்கோ எவரோ எழுதிய வாக்கியங்களைச் சுமந்துகொண்டு ஒரு பட்டதாரி அந்த அறைக்குள் நுழையும் நிலையை நம்மால் மாற்ற முடியும். இந்த வாரமே ஒரு தாளை எடுத்து, உங்கள் வாழ்க்கையின் ஆறு நிகழ்வுகளை எழுதத் தொடங்குங்கள்.